சாயம் போகும் துணியின் சரித்திரம்

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவன், சிகந்தராபாத்தை அடுத்த திருமுல்கேரியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்தான். ஊரிலிருந்து புறப்படும்போது அவனுடைய பாட்டனார் கட்டம் போட்ட கைத்தறிக் கைலிகள் இரண்டை அவன் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். வந்த மறுநாள் காலை அவற்றுள் ஒன்றை அவன் தண்ணீரில் நனைத்தான். அதே வாளியில் நான் அலுவலகத்திற்கு அணியும் வெள்ளைச் சட்டை ஊறிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்தில் சட்டையின் தோள் முதல் பை வரை நீலம் பரவிவிட்டது.

"சாயம் நிற்காத துணிக்கும் காசு கொடுக்கிறார்களே" என்று அவனுடைய அத்தை வருத்தப்பட்டார். பையன் கூறிய குறை வேறு. "இதைக் கட்டிக்கொண்டு வாசல் வரை போகவே கூச்சமாக இருக்கிறது, மாமா" என்றான். அவன் மனம் சிகந்தராபாத்துக் கடையொன்றில் கண்ட அரைக்கைச் சட்டையின்மேல் இருந்தது. மறுநாள் அதனை எனக்கும் காட்டினான். அதுவும் கட்டம் போட்ட பருத்தித் துணிதான்; நீலம், மஞ்சள், அரக்குச் சிவப்பு என்னும் அதே நிறங்கள்தாம். கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்தில் 'மதராஸ்' என்று பொறித்திருந்தது. விலையோ பாட்டனார் அனுப்பிய கைலியின் விலையைப்போல் ஐந்து மடங்கு.

வாளியில் ஊறிய கைலியும் கடையில் தொங்கிய சட்டையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று சொன்னபோது பையன் நம்பவில்லை. அவனுக்குக் கூறியதையே இங்கு விரித்துக் கூறுகிறேன். விடுமுறைக்குச் சென்ற மாணவர்களுக்கும் குறைந்த விலைத் துணிக்கும் இந்த வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடம் உண்டு.

முதலில் கட்டம் என்பது யாது என்று பார்ப்போம். பாவில் நீளவாட்டமாக ஓடும் நூல்களைச் சில சிவப்பு, சில நீலம், சில வெள்ளை என்று முறைப்படி எண்ணி வைக்கிறார்கள். குறுக்கே செல்லும் ஊடை நூலையும் அதே எண்ணிக்கையில் நிறம் மாற்றி நெய்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கட்டம் தானாகவே பிறக்கிறது. சிவப்பும் நீலமும் கலக்கும் இடத்தில், சாயத் தொட்டியில் இல்லாத ஊதா நிறமும் தோன்றுகிறது. இதற்கு அச்சுக்கட்டை வேண்டுவதில்லை, ஓவியர் வேண்டுவதில்லை, பூவேலை வேண்டுவதில்லை. துணியின் முகத்திற்கும் முதுகிற்கும் வேறுபாடும் இல்லை. எண்ணத் தெரிந்த நெசவாளர் மூன்று நிற நூலைக்கொண்டு நூறு வகைக் கட்டங்களை நெய்துவிடலாம். ஏழை எளியவர்க்கும் வண்ணத் துணி எட்டும் விலையில் கிடைத்ததற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

இத்துணியின் பெரும் வாணிகம் சோழமண்டலக் கரையில் நடந்தது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அத்தீவு மக்கள் விரும்பும் துணியைக் கையில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அத்துணி தமிழ்க் கரையிலும் தெலுங்குக் கரையிலும் கிடைத்தது. ஐரோப்பியர் பழவேற்காட்டைப் 'புலிக்காட்' என்று அழைத்தனர். மலாய் மக்கள் தாம் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயரிட்டனர். இன்றும் மலேசியாவில் ஒரு கடைக்குச் சென்று அப்பெயரைச் சொன்னால் கைலியை எடுத்துப் போடுவார்கள். பழவேற்காட்டின் துறைமுகச் சிறப்பு மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயர் மட்டும் அயலார் இடுப்பில் வாழ்கிறது.

ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639இல். பிரான்சிஸ் டே என்பவர் அலையடிக்கும் மணல்வெளியை, துறைமுகத்திற்கு ஏற்ற வளைகுடா ஒன்றும் இல்லாத கரையை, ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பலரும் வியந்திருக்கின்றனர். அவர் தம் மேலாளருக்குக் கூறிய காரணங்களுள் தலையானது, இங்குத் துணி மலிவாகக் கிடைக்கும் என்பது. கோட்டை எழுந்த பிறகு நெசவாளர் குடும்பங்களை அருகிலேயே குடியேற்றுவது கும்பினியாரின் கவலையாயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளருக்காக ஒரு பேட்டையை அமைத்தார். காலெட் பேட்டை என்னும் அது இன்று காலடிப்பேட்டை என வழங்குகிறது. 1734இல் கூவத்தின் வளைவில் இன்னொரு நெசவாளர் குடியிருப்பு தோன்றிற்று, அதுவே சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்பெயராயிற்று என்பர். இன்று அங்கே தறியோசை கேட்பதில்லை.

இக்கரையிலிருந்து கப்பலேறிய கட்டத் துணிக்கு ஆங்கில வணிகர் இட்ட பெயர், சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'உண்மையான மதராஸ் கைக்குட்டை' என்றாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயர் சிரிப்பையும் சங்கடத்தையும் ஒருங்கே தருகிறது. ஏறத்தாழ ஒரு கெசம் சதுரமுள்ள துணியைக் கைக்குட்டை என்றால் எந்தத் தமிழர் ஒப்புக்கொள்வார்? உருமால் என்னும் பாரசீகச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்ததனால் வந்த விபரீதம் இது. 'ரூ' என்றால் முகம். 'மால்' என்றால் துடைப்பது. முகம் துடைக்கும் துணி என்னும் பொருள் கைக்குட்டையாக முடிந்தது. நம்மவர் அதே சொல்லை உருமால் என்று ஏற்றுத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அதுவே பொருத்தமான மொழிபெயர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி இத்துணி சென்ற இடங்களைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணி இலண்டனுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டது. அங்கே மனிதரை விலைக்கு வாங்குவதற்குக் கொடுக்கப்பட்ட சரக்குகளுள் முதன்மையானவற்றில் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையில் குழித்தறியில் அமர்ந்திருந்த நெசவாளிக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரிந்திராது. ஆயினும் இத்துணியின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மறைத்துப் பேசுதல் கூடாது.

நைஜீரியாவின் இக்போ மக்கள் இத்தகைய இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்று அழைக்கின்றனர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயரே அவ்வாறு நின்றது என்று கூறுவர். அந்நாட்டின் கடற்கழிகளில் வாழும் கலபாரி என்னும் இனத்தார் இதனை 'இஞ்சிரி' என்பர். பிறந்த குழந்தையைப் போர்த்துவதும் இத்துணியால். இறந்தவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பதும் இத்துணியால். இவர்களிடையே ஒரு கைவேலை உண்டு. கட்டத் துணியை மடியில் விரித்து, வெளிறிய நூல்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, சவர அலகால் அறுத்து உருவிவிடுகிறார்கள். எஞ்சி நிற்கும் கருநிற நூல்களுக்கிடையே சல்லடை போன்ற புதிய கோலம் பிறக்கிறது. 'பெலெட்டே பிட்டே', அதாவது வெட்டிய துணி, என்பது அதன் பெயர். நூலைச் சேர்த்து அழகு செய்வதையே நாம் கண்டிருக்கிறோம். நூலை நீக்கி அழகு செய்தவர்கள் அவர்கள். ஜோன் ஐக்கர் என்னும் அமெரிக்க அறிஞரும் டோன்யே எரெகோசிமா என்னும் கலபாரி அறிஞரும் 1981இல் இக்கலையைப்பற்றி விரிவாக எழுதினார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் இத்துணிக்கு 'மதராஸ்' என்பதே பெயர். அமெரிக்காவின் லூசியானாவில் 1786ஆம் ஆண்டு ஸ்பானிய ஆளுநர் ஒருவர், கறுப்பினப் பெண்கள் தலைமுடியை வெளியே காட்டாது துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். தாழ்வின் அடையாளமாக விதித்ததை அப்பெண்கள் ஒளிமிக்க கட்டத் துணியால் மகுடம்போல் கட்டி, ஆணையிட்டவர் நாணுமாறு அணிந்தார்கள். மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய தீவுகளில் இது தலைக்கட்டாகவும் விழாக்கால உடையாகவும் நிலைபெற்றது. தலைக்கட்டில் நிற்கும் முனைகளை எண்ணி அணிந்தவளின் மனநிலையை அறியலாம் என்று அங்கே ஒரு மரபுரை உண்டு. ஒரு முனை என்றால் மனம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. இரண்டு என்றால் கொடுத்தாயிற்று. மூன்று என்றால் மணமானவள். நான்கு முனைக்கும் ஒரு பொருள் உண்டு. அதை வானொலிப் பேச்சில் விட்டுவிடலாம். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ்க் கூலிகள் இத்தீவுகளுக்குக் கப்பலேறினர். அவர்கள் கரையிறங்கியபோது, முன்பின் அறியாத மக்களின் தலையில் தம் ஊர்த் துணியைக் கண்டிருப்பார்கள்.

இவ்விடத்தில்தான் மாணவர்கள் வருகிறார்கள். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்குப் பஹாமா, பெர்முடா முதலிய தீவுகளுக்குச் சென்றார்கள். வெயிலுக்கு மெல்லியதாகவும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் இருந்த மதராஸ் துணியில் சட்டையும் அரைக்காற் சட்டையும் தைத்துக்கொண்டு திரும்பினார்கள். கல்லூரி வளாகத்தில் அது விடுமுறையின் அடையாளமாயிற்று. ஏழைகளின் துணி பணக்கார மாணவரின் நாகரிகமான விந்தை இப்படித் தொடங்கிற்று.

அக்கல்லூரிகளுள் ஒன்று யேல். எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தார். சொந்த வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்தார். 1718இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் 9 பொதிச் சரக்கும், 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் உருவப்படமும் அனுப்பினார். சரக்குகளில் துணி வகைகளும் இருந்தன. அவற்றை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைப் பூண்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து அக்கல்லூரி மாணவரும் அவர்களையொத்த பிறரும் மதராஸ் சட்டை அணிந்தது தற்செயலே ஆயினும், துணி விற்ற காசில் பெயர் பெற்ற கல்லூரிக்கு அது பொருத்தமான உடைதான்.

அடுத்த நிகழ்ச்சி 1958இல். கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதியில் ஈடுபட்டிருந்தார். பிற்காலத்தில் லீலா விடுதிகளை நிறுவியவர் அவரே. அவர் சொல்லிவந்த வரலாறு இது. வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர் மும்பைக்கு வந்து, கெசம் ஒரு டாலர் வீதம் 10,000 கெசம் மதராஸ் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் தனியே அலச வேண்டும், இல்லையேல் சாயம் இறங்கும் என்று நாயர் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை கடல் கடக்கவில்லை. துணி நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடைகளாக விற்பனையாயிற்று. வாங்கியவர்கள் சலவைப் பொறியில் போட்டார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. எங்கள் வீட்டு வாளியில் நடந்தது அமெரிக்காவில் ஆயிரம் வீடுகளில் நடந்தது.

வழக்கு வரும் என்னும் நிலையில் நாயர் அமெரிக்கா சென்றார். வழக்கறிஞர்கள் ஒருபுறம் இருக்க, 'செவன்டீன்' என்னும் இளம்பெண்கள் பத்திரிகையின் ஆசிரியரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. கையால் நூற்று, செடிகொடிகளின் சாயம் ஏற்றி, கையால் நெய்த அற்புதத் துணி இது. சலவைக்குச் சலவை நிறம் மாறி மென்மையாகிப் புதுத் துணிபோல் தோன்றுவதே இதன் சிறப்பு என்று அப்பத்திரிகை பல பக்கங்களில் எழுதிற்று. குறை என்று கருதப்பட்டது குணமாயிற்று. சாயம் இறங்கும் என்று உறுதிமொழி கொடுத்தே வணிகர்கள் விற்றார்கள். மாணவர் கூட்டம் கடைகளை மொய்த்தது. சாயம் இறங்காத மதராஸ் போலி என்று ஒதுக்கப்பட்டது. நம் ஊரில் 'சாயம் வெளுத்துப்போயிற்று' என்றால் மானம் போயிற்று என்று பொருள். அமெரிக்காவிலோ சாயம் வெளுத்த பிறகுதான் மதிப்பு ஏறிற்று. அறுபதுகளின் இறுதியில் இந்த மோகம் தணிந்தது. துணி மறையவில்லை, கோடைதோறும் திரும்பி வருகிறது. சிகந்தராபாத்துக் கடைச் சட்டை அதன் பேரப்பிள்ளை.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காட்டாமல் மேலே செல்ல இயலாது. ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளின்மேல் காதல் கொண்டது அவற்றின் சாயம் போகாது என்பதனால். தமிழ்க் கரையின் மணற்பாங்கில் விளைந்த சாயவேரைப் படிகாரத்துடன் சேர்த்துக் காய்ச்சி ஏற்றிய சிவப்பு, துவைக்கத் துவைக்கப் பளபளத்தது. அவுரி நீலம் நீரில் கரையாத பொருள். தொட்டியில் நொதிக்கவைத்து நூலுக்குள் செலுத்தியபின் காற்றுப் பட்டதும் அங்கேயே இறுகிவிடும். மஞ்சள் மட்டும் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாங்காது. ஆதலால் சாயம் போவது இக்கரையின் தொன்மையான கலை அன்று; அக்கலையின் ஒரு பகுதி மட்டுமே. அமெரிக்கர் மயங்கியது அந்தப் பகுதியில்.

1868இல் ஜெர்மன் வேதியியலார் கிரேபேயும் லீபர்மனும் சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார்கள். 1897இல் ஆலை அவுரி சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் தொழில் இழந்தனர். இன்று வீட்டில் கட்டும் மலிவுக் கைலியில் ஓடும் நீலம் பெரும்பாலும் ஆலைச் சாயமே. நூலில் நன்றாகப் பற்றவைக்காமலும், ஏற்றியபின் போதிய அளவு அலசாமலும் விடுவதால் அது இறங்குகிறது. உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். உப்பு சாயம் கரைவதை அந்த நேரத்திற்கு ஓரளவு தடுக்கலாம், நிலையாகக் கட்டிப்போடாது. முதல் நாலைந்து முறை குளிர்ந்த நீரில் தனியே அலசி நிழலில் உலர்த்துவதே வழி. கேப்டன் நாயரின் எச்சரிக்கையும் அதுவே. எங்கள் பாட்டிமாரின் வழக்கமும் அதுவே.

சாயம் போகாத உருமாலைக் காண நாங்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. திருமுல்கேரி என்பது திருமலகிரி ஆங்கிலேயர் நாவில் திரிந்த வடிவம். 1798இல் நிஜாம் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்து, அவர்களுடைய படையைத் தம் நாட்டில் நிலைநிறுத்த ஒப்பினார். 1806இல் அப்பாளையம் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரால் சிகந்தராபாத் ஆயிற்று. படை சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. சிப்பாய்களோடு தமிழ்ச் சமையற்காரரும் தையற்காரரும் சலவைத் தொழிலாளரும் வந்தனர். அவர்கள் பெட்டிகளில் கட்டம் போட்ட துணியும் வந்திருக்க வேண்டும். வந்த இடத்திலும் உருமால் நெய்யும் மக்கள் இருந்தனர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு யாதாத்ரி புவனகிரி மாவட்டத்திலுள்ள புட்டபாகா சிற்றூருக்குச் சென்றேன். அங்கு நெய்வது தேலியா உருமால். தேல் என்றால் எண்ணெய். நூலை எண்ணெயும் ஆமணக்குத் தோட்டின் சாம்பல் கரைசலும் கலந்த நீரில் தோய்த்துப் பிசைந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். மறுநாள் மீண்டும் தோய்க்கிறார்கள். பல நாள் இவ்வாறு செய்தபின் நூல் அலிசரின் சிவப்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. சாயம் ஏறக் கூடாத இடங்களை முன்னரே கட்டுப்போட்டு மறைப்பதால் சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றும் நூலிலேயே அமைந்துவிடுகின்றன. ஆந்திரக் கரையின் சீராலா இதன் பழைய இருப்பிடம். அங்கிருந்து அரபு நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. மீனவர் தலையிலும் கட்டினர். நிஜாம் அரண்மனை மகளிர் முக்காடாகவும் அணிந்தனர். 2020இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பையன் துணியை மூக்கருகே கொண்டு சென்று "எண்ணெய் வாசனை அடிக்கிறது" என்றான். நெய்தவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார்.

இத்தகைய நெசவில் உடம்பு படும் பாடு துணியில் தெரிவதில்லை. கட்டுப்போடுவதற்கு முன் ஊடை நூலை அரைவட்டமாக நட்ட முளைகளின்மேல் மேலும் கீழுமாகக் கையால் சுற்ற வேண்டும். ஆசு என்பர். ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 முறை கை சென்று திரும்புகிறது. இவ்வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. ஆலேருக்கு அருகிலுள்ள சாரஜிபேட்டையைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், தாய் லட்சுமியின் தோள் வலியைக் கண்டு பொறாது, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட நிலையிலும் பல ஆண்டு முயன்று 1999இல் ஒரு பொறியை உருவாக்கினார். தாயின் பெயரையே அதற்கு இட்டார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. உடல்நலத்தைப்பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது உடுத்துபவரின் உடலை மட்டும் எண்ணுகிறோம். நெய்பவரின் தோளும் கண்ணும் முதுகும் அக்கணக்கில் சேரத்தான் வேண்டும்.

உடுத்துபவருக்கு வருவோம். மே மாதத்தில் இங்கு வெயில் 40 பாகையைத் தாண்டும். நெருக்கமின்றி நெய்த பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றில் ஆவியாக்குகிறது. ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. செயற்கை இழைச் சட்டையில் வியர்வை தோலோடு தேங்கி வேர்க்குரு எழுகிறது. நண்பகலில் வெளியே போகிறவர் ஈர உருமாலைத் தலையில் கட்டிக்கொள்வதற்கு மருத்துவச் சீட்டு வேண்டுவதில்லை. பையன் முதல் வாரம் தலைவலியோடு திரும்பினான். இரண்டாம் வாரம் என்னுடைய பழைய உருமாலைத் தானே கேட்டு வாங்கினான். நாகரிகத்தை விடத் தலைவலி நல்ல ஆசிரியர்.

கிழிந்த கைலி ஒன்றில் கலபாரி மக்களின் வேலையையும் செய்து பார்த்தான். செலவு ஒரு சவர அலகும் ஊசியும். முதல் துண்டில் வேண்டாத நூலை அறுத்து ஓட்டையாக்கினான். இரண்டாவதில் வெள்ளை நூல்களைச் சரியாக உருவி, சன்னலுக்கு ஒரு திரை ஆக்கினான். மூன்று பிற்பகல்கள் கைப்பேசியைத் தொடவில்லை என்பதை அவனுடைய அத்தை எனக்குத் தனியே தெரிவித்தார்.

மீதமிருந்த புதிய கைலியை மூன்று முறை அலசி, திருமுல்கேரித் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டு மீட்டர் துணியில் அரைக்கைச் சட்டை வந்தது. பையின் கட்டமும் மார்பின் கட்டமும் இம்மியளவும் விலகாமல் பொருந்துமாறு அவர் வெட்டினார். கைலி விலையும் தையற்கூலியும் சேர்ந்து கடைச் சட்டையின் விலையில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆனால் மலிவு என்பதைப் பற்றி ஒரு சொல். கைலியைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முதலில் 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. கைலி இரு பட்டியலிலும் உண்டு. இருந்தும் சந்தையில் குவிந்து கிடப்பவை விசைத்தறிக் கைலிகளே. கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலும் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்திலும் கையால் நெய்கிறவர்கள் அவற்றோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. கையால் நெய்ததை அறிய விரும்புவோர் கரையோரத்தைப் பார்க்கலாம். தறியில் துணியை விரித்துப் பிடித்த ஊசிமுனைகளின் நுண்துளைகள் அங்கே வரிசையாகத் தெரியும். சில ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அது அந்தத் துளைகளுக்கான விலை என்று கொடுத்துவிடலாம்.

விடுமுறை முடிந்து பையன் அந்தச் சட்டையை அணிந்தே ரயில் ஏறினான். விடுதித் தோழர்கள் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டதாகவும், தாத்தா பெட்டியிலிருந்து என்று சொன்னதாகவும் பின்னர்த் தொலைபேசியில் தெரிவித்தான். இன்னும் இரண்டு கைலி அனுப்பும்படி ஊருக்கு எழுதியிருக்கிறானாம். என் வெள்ளைச் சட்டையில் பற்றிய நீலம் மட்டும் இன்றுவரை போகவில்லை.